ஓவியரிடம் கேட்கப்படாத கேள்விகள்

குழந்தை இலக்கிய விழாக்கள் இன்று தில்லி தொடங்கிப் பல பெருநகரங்களில் ஆண்டுதோறும் நடைபெறுகின்றன. அவற்றின் மேடையில் எழுத்தாளரும் ஓவியரும் அருகருகே அமர்கின்றனர். எழுத்தாளரிடம் கதையின் கருவைப் பற்றியும் இளமைக்கால வாசிப்பைப் பற்றியும் கேட்கப்படுகிறது; அவர் விரிவாக விடை கூறுகிறார். ஓவியரின் முறை வரும்போது அவர் கையில் தடித்த எழுதுகோல் ஒன்று தரப்பட்டு, ஒரு யானையை வரைந்து காட்டுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது. குழந்தைகள் கைதட்டுகின்றனர். யானை நன்றாகவே வந்திருக்கும். ஆனால் அந்த நூலில் யானையை ஏன் அவ்வாறு வரைந்தார், அதற்கு எத்தனை மாதங்கள் ஆயின, அவருக்கு என்ன கிடைத்தது என்பன பேசப்படாமலே உரையாடல் முடிந்துவிடுகிறது.

இதழ்களில் வெளிவரும் நேர்காணல்களின் நிலையும் ஏறத்தாழ இதுவே. கற்பனை எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்குப் பக்கங்கள் ஒதுக்கப்படுகின்றன; கற்பனையை விற்று வாழ்வோரின் ஒப்பந்தத்துக்கு ஒரு வரியும் ஒதுக்கப்படுவதில்லை. பழந்தமிழ் இந்த வகையில் தெளிவாக இருந்தது. ஓவியரை அது ‘கண்ணுள் வினைஞர்’ என்றது. காண்போரின் கண்ணுக்குள் தம் தொழிலை நிறுத்துவோர் என்று உரையாசிரியர் பொருள் கூறுவார். வினை என்ற சொல்லை அடியாகக் கொண்ட பெயர் அது. அருள்பெற்றவர் என்றோ பித்தர் என்றோ அவரைக் குறிக்காமல், வினை செய்பவர் என்று மதுரை வீதியில் மற்றத் தொழிலாளரோடு சேர்த்து நிறுத்திய அந்த மரபு, இன்றைய விழா மேடையைவிட ஓவியரை நன்கு அறிந்திருந்தது.

படநூல் ஒன்றில் ஓவியர் செய்யும் வேலை என்ன? முப்பத்திரண்டு பக்க நூலில் சொற்கள் சில நூறு இருக்கலாம். அதற்கும் குறைவாகவும் இருக்கலாம். எழுத்தாளர் ‘ஒரு ஊரில் ஒரு சிறுமி இருந்தாள்’ என்ற அளவில் எழுதிவிட்டு அடுத்த வாக்கியத்துக்குச் செல்லலாம். ஓவியருக்கு அந்த வசதி கிடையாது. சிறுமியின் தோல் நிறம் என்ன, காலில் செருப்பு உண்டா, வீட்டின் கூரை ஓடா ஓலையா, சுவரில் மாட்டியிருப்பது யாருடைய படம், அடுப்பில் வேகுவது எது என்று ஒவ்வொன்றையும் அவர் முடிவு செய்தாக வேண்டும். எழுத்து மௌனமாகக் கடந்து செல்லக்கூடிய சாதியையும் வர்க்கத்தையும் மதத்தையும் படம் கடக்க இயலாது. அது வரைந்தே தீர வேண்டும். இந்தியச் சிறுவர் நூல்களில் நெடுங்காலம் ‘ஒரு சிறுமி’ என்றால் வெளிர் நிறம், இரட்டைச் சடை, முற்றத்தில் துளசி மாடம் என்று தாமாகவே வந்து அமர்ந்தன. யாரும் அவ்வாறு வரையச் சொல்லவில்லை. வேறு விதமாக வரையவும் யாரும் சொல்லவில்லை.

ஐதராபாத்தில் இயங்கும் அன்வேஷி பெண்கள் ஆய்வு மையம் 2008இல் மலையாளம், தெலுங்கு, ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் கொண்டுவந்த ‘வேறுபட்ட கதைகள்’ என்னும் வரிசை இந்த வழக்கத்தை நேராகவே எதிர்கொண்டது. கோகு சியாமளா, முகமது கதீர் பாபு போன்றோர் அதில் எழுதினர். கதீர் பாபுவின் கதை, தலைக்கறி சமைக்கப்படும் ஒரு வீட்டைப் பற்றியது. அந்த வீட்டை இரக்கத்துக்குரிய இடமாக வரைந்தால் கதை கெட்டுவிடும். விந்தைப் பொருளாக வரைந்தாலும் கெட்டுவிடும். அங்கே வாழும் குழந்தை பார்க்கும் விதமாக வரைய வேண்டுமானால், ஓவியர் எழுத்தாளரிடம் கேட்டறிய வேண்டியவை ஏராளம். மகாசுவேதா தேவி எழுதி, சென்னையின் தூலிகா பதிப்பகம் பல மொழிகளில் வெளியிட்ட ‘ஏன் ஏன்’ என்று கேட்கும் மொய்னாவின் கதையிலும் இதே நிலைதான். மொய்னா சபர் பழங்குடிச் சிறுமி. வெள்ளையராட்சியின் 1871ஆம் ஆண்டுச் சட்டம் பிறவிக் குற்றவாளிகள் என்று முத்திரையிட்ட பல மக்கள் பிரிவினருள் சபர்களும் அடங்குவர். அவளுடைய முகத்தை வரையும் கோடு எந்தப் பக்கம் நிற்கிறது என்பது அழகியல் கேள்வி என்ற எல்லைக்குள் அடங்காது.

எழுத்தாளரும் ஓவியரும் உட்கார்ந்து பேசுவது இத்தகைய நூல்களில் விருந்தோம்பல் சார்ந்த செயல் என்று கருதலாகாது. அது உற்பத்தியின் ஒரு பகுதி. இதற்கு மிகத் தெளிவான சான்று ‘லண்டன் ஜங்கிள் புக்’. மத்தியப் பிரதேசத்தின் பாட்டன்கர் என்னும் கோண்டு கிராமத்தில் பிறந்தவர் பஜ்ஜு சியாம். போபாலுக்கு வந்து இரவுக் காவலாளியாகவும் மின்பணியாளராகவும் பிழைத்தவர். லண்டனின் உணவகம் ஒன்றில் சுவரோவியம் தீட்டுவதற்காக அழைக்கப்பட்டு ஏறத்தாழ இரண்டு மாதங்கள் அங்கே தங்கினார். திரும்பி வந்தபின் தாரா பதிப்பகத்தின் கீதா உல்ஃப், சிரீஷ் ராவ் ஆகியோரோடு அமர்ந்து கண்டதையெல்லாம் கூறினார். அந்த உரையாடல்களே 2004இல் வெளிவந்த நூலாயின. பிக் பென் மணிக்கூண்டு அவருக்குச் சேவலாகத் தெரிந்தது. கோண்டு மரபில் பொழுதைச் சொல்லும் பறவை அதுதானே. சுரங்க ரயில் மண்ணைத் துளைக்கும் புழு. 30ஆம் எண் பேருந்து, வழி தவறாமல் வீட்டுக்கு அழைத்துவரும் நாய். இரண்டு நூற்றாண்டுகளாக வெள்ளையர் பழங்குடிகளைப் பார்த்துக் குறிப்பெடுத்தனர். இங்கே பழங்குடிக் கலைஞர் ஒருவர் வெள்ளையரின் தலைநகரைப் பார்த்துக் குறிப்பெடுத்தார். அட்டையில் ஆசிரியராக நிற்கும் பெயர் பஜ்ஜு சியாமுடையது. பேசியவர், வரைந்தவர் அவர். சொல்லைப் பிடித்துக் கோத்தவர்கள் அடுத்த இடத்தில் நிற்கின்றனர். இந்த வரிசை முறை பெரும்பாலான நூல்களில் தலைகீழாகவே இருக்கிறது.

2011இல் நவயானா வெளியிட்ட ‘பீமாயணா’ இதற்கு மற்றொரு சான்று. அம்பேத்கரின் வாழ்க்கையில் தீண்டாமை தொட்ட தருணங்களை ஸ்ரீவித்யா நடராஜனும் எஸ்.ஆனந்தும் எழுதினர்; கோண்டு ஓவியர்களான துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும் வரைந்தனர். சித்திரக்கதை என்றால் பக்கத்தைக் கட்டங்களாகப் பிரிப்பது உலக வழக்கம். இவ்விருவரும் அதற்கு உடன்படவில்லை. மனிதர்களைப் பெட்டிக்குள் அடைத்தால் அவர்களுக்கு மூச்சுவிட இடமிராது என்பது அவர்களின் வாதம். ஆகவே கோண்டு வீடுகளின் சுவரிலும் தரையிலும் தீட்டப்படும் திக்னா கோலம் பக்கங்களைப் பிரித்தது. அன்பாகப் பேசப்படும் சொற்கள் பறவை வடிவக் குமிழிகளில் அமைந்தன. சாதிவெறி பேசும் சொற்களின் குமிழிகளுக்குத் தேள் கொடுக்கு முளைத்தது. சேரியையும் அக்ரகாரத்தையும் கட்டம் போட்டுப் பிரித்த ஒரு சமூகத்தின் கதையைக் கட்டமில்லாமல் சொல்ல வேண்டும் என்ற முடிவு எழுத்தாளரின் மேசையில் பிறந்ததன்று. படிப்பறிவு எங்கே இருக்கிறது என்பதைப் பற்றிப் பதிப்புலகம் வைத்திருக்கும் எண்ணத்தை அந்த ஒரு முடிவு குலைத்துவிடுகிறது.

வங்காளத்தின் ‘சந்தேஷ்’ இதழின் வரலாறு இங்கே நினைக்கத்தக்கது. 1913இல் அதைத் தொடங்கிய உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி எழுத்தாளர், ஓவியர் என்ற இரண்டோடு நிற்கவில்லை. படங்களை அச்சேற்றும் ஹாஃப்டோன் முறையில் இந்திய முன்னோடி அவரே. தம் படங்களை மரக்கட்டை அச்சு சிதைத்ததைப் பொறுக்காமல் அச்சுத் தொழிலைக் கற்றவர். மகன் சுகுமார் ராய் இங்கிலாந்து சென்று அச்சுக்கலையும் ஒளிப்படக் கலையும் பயின்று திரும்பினார். அவருடைய புகழ்பெற்ற நகைச்சுவைப் பாடல் தொகுதியான ‘ஆபோல் தாபோல்’ 1923இல் அவர் மறைந்த சில நாட்களில் வெளிவந்தது. அதன் படங்களும் அவருடையவை. நின்றுபோன இதழை 1961இல் சத்யஜித் ராயும் கவிஞர் சுபாஷ் முகோபாத்யாயும் மீட்டெடுத்தனர். பொதுவுடைமை இயக்கக் கவிஞராக வங்கம் அறிந்த அதே சுபாஷ்தான். பின்னர் இதழ் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் பொறுப்பில் நடைபெற்றது. சத்யஜித் திரைப்படத்துக்கு வந்த வழியும் சிறுவர் நூல் ஓவியமே. ‘பதேர் பாஞ்சாலி’யின் சிறுவர் சுருக்கத்துக்குப் படம் வரையும்போதுதான் அக்கதை அவரைப் பற்றிக்கொண்டது. முதல் இரண்டு தலைமுறைகளிலும் எழுதும் கையும் வரையும் கையும் அச்சிடும் கையும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. அச்சகமும் குடும்பத்தின் உடைமையாக இருந்தது. உற்பத்திக் கருவி தம்மிடம் இருந்த கலைஞர்களுக்கு மட்டுமே வாய்த்த விடுதலை அது. சொந்த அச்சகம் இல்லாத ஓவியருக்கு என்ன வாய்த்தது?

சித்தப்பிரசாத்தின் வாழ்க்கை விடை சொல்கிறது. 1943 வங்கப் பஞ்சத்தை மிதினாப்பூரில் நடந்து திரிந்து வரைந்து, ‘பசித்த வங்கம்’ என்ற நூலாக்கியவர். அதன் பிரதிகளை ஆங்கிலேய அரசு கைப்பற்றி எரித்தது. கட்சிப் பணியிலிருந்து விலகியபின் பம்பாயின் அந்தேரியில் தனியறை வாழ்க்கை. அங்கே அவர் குழந்தைகளுக்காகப் பொம்மலாட்டம் நடத்தினார், கதைகள் எழுதி வரைந்தார், குழந்தைத் தொழிலாளர்களைப் பற்றி லினோ அச்சுப் படவரிசை ஒன்றைச் செதுக்கினார். தேவதைக் கதைகள் வாய்க்காத தேவதைகள் என்ற பொருள்படும் தலைப்பில் அந்த வரிசையை நூலாக்கியது யூனிசெஃபின் டென்மார்க் குழு. இந்தியக் குழந்தைகளைப் பற்றி இந்திய ஓவியர் செதுக்கிய படங்கள் நூல்வடிவம் பெறுவதற்கு டென்மார்க் வரை செல்ல வேண்டியிருந்தது. 1978இல் வறுமையிலேயே மறைந்தார். அவருடைய படங்கள் இன்று ஏலக்கூடங்களில் விலைபோகின்றன.

நிலைமை இன்று மாறியிருக்கிறதா என்பதை அறியச் சட்டப் புத்தகத்தைத் திறக்க வேண்டும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், ஒரு படைப்பின் முதல் உரிமையாளர் அதைப் படைத்தவரே என்ற பொது விதியை 17ஆம் பிரிவில் வகுக்கிறது. உடனே விதிவிலக்குகள் தொடங்குகின்றன. ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் பணம் பெற்று ஓவியமோ உருவப்படமோ வரையப்பட்டால், மாறான ஒப்பந்தம் இல்லாத நிலையில், கேட்டவரே அதன் முதல் உரிமையாளர் ஆகிவிடுவார். பணியாளராக அமர்த்தப்படாத எழுத்தாளருக்கு இவ்விதி பொருந்தாது. ஆகவே ஒரே நூலுக்காக ஒரே பதிப்பாளரிடம் ஒரே நாளில் பணம் பெற்ற இருவரில், ஒப்பந்தத் தாள் எதுவும் இல்லையென்றால், எழுதியவர் தம் சொற்களுக்கு உரிமையாளராகவே இருக்கிறார். வரைந்தவரோ தம் ஓவியத்தைக் கேட்டவரிடம் முழுமையாக இழந்துவிடும் இடத்தில் நிற்கிறார். பிரபுக்கள் தம் உருவப்படத்தைத் தீட்டச் சொல்லிக் கூலி கொடுத்த காலத்துச் சிந்தனை அது. இந்திய மொழிகள் பலவற்றில் சிறுவர் நூல் ஓவியத்துக்கு எழுத்து வடிவ ஒப்பந்தமே கிடையாது என்பதைச் சேர்த்துப் பார்த்தால், விதிவிலக்கே விதியாகிவிட்டது புலனாகும். மொத்தமாக ஒரு தொகை. அதன்பின் பத்துப் பதிப்புகள் வந்தாலும் பதினைந்து மொழிகளுக்குப் போனாலும் ஓவியருக்கு ஒரு காசும் இல்லை. சொல்லை ஒவ்வொரு மொழியிலும் மாற்றியாக வேண்டும். படம் மாறாமல் அப்படியே பயணம் செய்யும். எது அதிகம் பயணம் செய்கிறதோ அதற்குப் பயணப்படி இல்லை.

இந்தக் கணக்கு மொழிபெயர்ப்பாளர்களுக்கு நன்கு புரியும். அவர்களும் பக்கக் கூலிக்கு உழைப்பவர்களே. ஓவியர் விட்டுவைத்த வெற்றிடத்துக்குள் தமிழின் நீண்ட சொற்களை மடக்கி அடக்கும்போது, அந்த இடத்தை யாரோ ஒருவர் யோசித்துத்தான் விட்டிருக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரிகிறது.

திரைப்படத் துறையில் பாடலாசிரியர்களும் இசையமைப்பாளர்களும் பல்லாண்டுகள் போராடி 2012இல் சட்டத் திருத்தம் பெற்றனர். தங்கள் உரிமைத்தொகையின் சமபங்கை எழுதிக் கொடுத்தாலும் அது அவர்களைவிட்டுப் போகாது. மாநிலங்களவையில் ஜாவேத் அக்தர் இதற்காகப் பேசினார். சிறுவர் நூல் ஓவியருக்கு மாநிலங்களவையிலும் ஆளில்லை, தெருவிலும் வலுவான சங்கமில்லை. ஆயினும் அதே திருத்தத்தில் அவர்களுக்கும் பயன்படும் ஒரு வாசகம் இருக்கிறது. ஒப்பந்தம் செய்த காலத்தில் இல்லாத, அல்லது வணிகப் பயன்பாட்டுக்கு வராத ஊடகத்துக்கு, அந்த ஊடகம் ஒப்பந்தத்தில் குறிப்பாகச் சொல்லப்படாதவரை, உரிமை மாற்றம் செல்லாது. ஒரு சிறுத்தையை வரைந்தவரின் கைவழக்கத்தைக் கணினிக்குப் பயிற்றுவித்து நொடியில் ஆயிரம் சிறுத்தைகளை உற்பத்தி செய்யும் நிறுவனங்கள் வந்துவிட்ட இந்நாளில், பழைய ஒப்பந்தங்களை எடுத்துப் படித்துப் பார்ப்பது ஓவியர்களுக்கு நல்லது. புதிய ஒப்பந்தங்களில் ‘இனி கண்டுபிடிக்கப்படும் எல்லா ஊடகங்களும்’ என்று ஒரு வரி நுழைந்திருந்தால் அதற்குக் கையெழுத்திடாதிருப்பது இன்னும் நல்லது. 57ஆம் பிரிவும் உண்டு: உரிமையை விற்றபின்னும் படைப்பு தம்முடையது என்று கூறும் உரிமை படைத்தவரிடமே தங்கும். விஞ்ஞான் பவனில் இருந்து பெயர்த்து எறியப்பட்ட வெண்கலச் சுவர்ச்சிற்பத்துக்காக அமர்நாத் சேகல் மைய அரசின் மீதே வழக்குத் தொடுத்து 2005இல் தில்லி உயர்நீதிமன்றத்தில் வென்றது இப்பிரிவின் வலிமையால்தான். அவர் புகழ்பெற்ற சிற்பி. வழக்காட வசதி இருந்தது. மாதம் ஒரு நூலுக்குப் படம் போட்டு வாடகை கட்டும் இளைஞரிடம் இந்த அறிவுரை எவ்வளவு தூரம் செல்லும் என்பது வேறு கேள்வி.

அரசின் அங்கீகாரமும் சொல்லின் பக்கமே சாய்ந்திருக்கிறது. சாகித்திய அகாதெமி 2010 முதல் 24 மொழிகளில் பால சாகித்திய விருது வழங்கி வருகிறது. ஒவ்வொன்றும் 50,000 ரூபாய். பெறுவோர் எழுத்தாளர்கள். அகாதெமி எழுத்துக்கான அமைப்பு என்று சமாதானம் சொல்லலாம். ஆறு வயதுக் குழந்தைக்கான நூலில் எழுத்தைத் தனியே உரித்தெடுத்து மதிப்பிட முடியும் என்று நம்புவோருக்கே அச்சமாதானம் பொருந்தும். டாடா அறக்கட்டளை 2016இல் நிறுவிய சிறுவர் இலக்கிய விருது எழுத்தாளருக்கும் ஓவியருக்கும் தனித்தனியே பரிசளிக்கிறது. பெருமுதலாளியின் அறக்கட்டளைக்குத் தோன்றியது மக்களின் வரிப்பணத்தில் இயங்கும் அகாதெமிக்குத் தோன்றாமல் போனது ஏன் என்பதை அகாதெமியின் பொதுக்குழுவில் இருப்போர்தான் கேட்க வேண்டும்.

திறந்த உரிமத்தைப் பற்றியும் ஒரு சொல். பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ‘ஸ்டோரிவீவர்’ தளத்தில் கதைகளையும் படங்களையும் எவரும் படிக்கலாம், மொழிபெயர்க்கலாம், மறு அச்சு செய்யலாம். பெயரைக் குறிப்பிட்டால் போதும். அச்சில் நூலே இல்லாத பழங்குடி மொழிகளுக்குக்கூட அதன் வழியே கதை நூல்கள் கிடைத்துள்ளன. அறிவு பொதுவுடைமையாக வேண்டும் என்போர் இதை எதிர்க்க இயலாது, எதிர்க்கவும் கூடாது. ஆயினும் பொதுவுடைமை என்பது உழைப்பவருக்குக் கூலி இல்லாத ஏற்பாட்டின் பெயராகிவிடக் கூடாது. படம் எல்லோருக்கும் இலவசமாகப் போய்ச் சேர வேண்டுமானால், அதை வரைந்தவருக்கு முன்கூட்டியே முழு மதிப்பையும் யாரோ செலுத்த வேண்டும். அந்த யாரோ அரசாக இருக்க வேண்டும். அரசு என்ன செலுத்துகிறது? சமக்ர சிக்ஷா திட்டத்தில் ஒரு தொடக்கப்பள்ளியின் நூலகத்துக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் வரை. வண்ணப் படநூல்களில் எத்தனை வாங்கலாம் என்று பள்ளி ஆசிரியர்களைக் கேட்டால் தெரியும். வாங்குவோர் இல்லாத நூலின் ஓவியருக்கு உரிமைத்தொகை கேட்பது, விளையாத நிலத்தில் பங்கு கேட்பதைப் போன்றதே. ஆதலால் ஓவியரின் கூலியும் பள்ளி நூலகத்தின் ஒதுக்கீடும் சேர்த்தே கேட்கப்பட வேண்டியவை.

பழைய தலைமுறைத் தோழர்களின் வீடுகளில் இன்னும் சில சோவியத் சிறுவர் நூல்கள் இருக்கும். தில்லியின் மக்கள் பதிப்பகமும் கல்கத்தாவின் மனீஷாவும் விசாலாந்திராவும் பிரபாத்தும் சென்னையின் நியூ செஞ்சுரியும் அவற்றைச் சில அணாக்களுக்கும் ரூபாய்களுக்கும் விற்றன. மாஸ்கோவில் அமர்ந்து வங்காளத்தில் நோனி பௌமிக்கும் தெலுங்கில் உப்பல லட்சுமண ராவும் மலையாளத்தில் கோபாலகிருஷ்ணனும் ஓமனாவும் தமிழில் பூ.சோமசுந்தரமும் ரா.கிருஷ்ணையாவும் மொழிபெயர்த்தனர். அந்நூல்களில் ஓவியரின் பெயர் அச்சிடப்படுவது வழக்கமாக இருந்தது. அதன் வேர் 1920களின் லெனின்கிராடில் இருக்கிறது. சிறுவர் பதிப்புப் பிரிவில் எழுத்தை மார்ஷாக்கும் ஓவியத்தை லெபெதேவும் கவனித்தனர். எழுத்தாளரும் ஓவியரும் ஒரே மேசையில் அமர்ந்தனர். ஓவியர்கள் அச்சகத்துக்கே சென்று கல்லச்சில் வேலை செய்தனர். அதே அவையை 1936இல் ‘பிராவ்தா’ லெபெதேவைக் கிறுக்கல்காரர் என்று தாக்கியதும், மறு ஆண்டு அது கலைக்கப்பட்டதும் மறைக்க வேண்டியவை அல்ல. கற்றுக்கொள்ள இரண்டுமே இருக்கின்றன: உரையாடலுக்கு இடமளித்தபோது என்ன விளைந்தது என்பதும், மேலிருந்து ஒரே குரல் பேசத் தொடங்கியதும் என்ன அழிந்தது என்பதும்.

இடதுசாரிப் பதிப்பகங்களும் இதழ்களும் இந்தக் கேள்விகளைப் பிறரிடம் கேட்பதற்கு முன் தம்மிடம் கேட்டுக்கொள்வது முறை. சிறுவர் நூல்களின் அட்டையில் ஓவியரின் பெயர் உண்டா? மூல ஓவியம் அவரிடம் திருப்பிக் கொடுக்கப்படுகிறதா? மறுபதிப்புக்குத் தொகை உண்டா? நட்புக்காகவும் இயக்கத்துக்காகவும் வரைந்து கொடுப்போர் இருக்கின்றனர். அவர்களின் பெருந்தன்மை கணக்குப் புத்தகத்தில் ஒரு நிரந்தர வரவாகக் கருதப்படக் கூடாது.

நூல்களைப் பற்றி நேர்காணல் எடுப்போர் அச்சகம் வரை சென்று வருவதும் பயனுடையது. கோண்டு ஓவியர்கள் மூவரின் ‘மரங்களின் இரவு வாழ்க்கை’ நூலைக் கறுப்புத் தாளில் வண்ணம் வண்ணமாகத் திரையச்சு செய்து, கையால் தைத்துக் கொடுப்பவர்கள் சென்னையின் ஏ.எம்.எம். ஸ்கிரீன்ஸ் தொழிலாளர்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வொரு தாளையும் தனித்தனியே கையால் அச்சிட வேண்டும். நிறம் பிசகாமல் பொருந்தியிருப்பது அவர்களின் கண்ணளவு. அவர்களிடம் கேட்க வேண்டியவையும் நிறைய உள்ளன.

போபாலில் இருந்து ஏகலவ்யா அமைப்பு 1985 முதல் ‘சக்மக்’ என்ற இந்தி மாத இதழை நடத்துகிறது. அதில் ‘மேரா பன்னா’, அதாவது ‘என் பக்கம்’, என்ற பகுதியில் குழந்தைகள் எழுதியவையும் வரைந்தவையும் வெளியாகின்றன. பெரும்பாலும் சிறு ஊர்ப் பள்ளிகளிலிருந்து வரும் படங்கள். ஒவ்வொரு படத்தின் அருகிலும் வரைந்த குழந்தையின் பெயர், வகுப்பு, ஊர் எல்லாம் அச்சிடப்பட்டிருக்கும்.